கைதி கற்பித்த மொழி

துயரமான செய்தியொன்றைக் கேட்டால் நாம் உச்சுக் கொட்டுகிறோம். வண்டில்காரர் மாட்டை விரைவுபடுத்தக் கன்னத்தோரமாக நாவைச் சொடுக்குகிறார். எமக்கு இவை வெறும் சத்தங்கள், எழுத்துக்களல்ல. ஆபிரிக்காவின் தென்பகுதியில் வாழ்ந்த தொல்குடியினருக்கோ இவையே மெய்யெழுத்துக்கள். அவர்களது மொழிகளைக் கொய்சான் எனும் பொதுப்பெயரால் அழைப்பர். ஒரே குடும்பமெனக் கருதப்பட்ட அவை குறைந்தது மூன்று தனிக்குடும்பங்கள் என்பதே இன்றைய மொழியியலாளர் பெரும்பாலாரின் முடிவு.

ஆசிரியர் கலாசாலையில் நான் கற்ற எழுத்துப் பிறப்பு, உந்தியிலிருந்து மேலெழும் காற்றில் தொடங்கும். சொடுக்கொலிக்கு அந்தக் காற்று வேண்டியதில்லை. நாவின் பின்புறம் மென்னண்ணத்தை அடைத்துக்கொள்ள, முன்னால் இதழோ நுனிநாவோ இன்னோர் அடைப்பை இடுகிறது. இரண்டுக்குமிடையே நா சற்றுத் தாழும்போது அங்குள்ள காற்று ஐதாகிறது. முன் அடைப்புத் திறந்ததும் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து சொடுக்குகிறது. இதழ், பல், பல்லடி, அண்ணம், நாவின் பக்கம் என இதற்கு ஐந்து இடங்கள் உண்டு. ஒவ்வொன்றோடும் மூக்கொலி, மூச்சொலி முதலியன சேரச்சேர எழுத்துக்கள் பெருகும். எமது மெய்கள் பதினெட்டு. பொட்ஸ்வானாவில் பேசப்படும் தா மொழியில் சொடுக்கொலிகள் மட்டுமே அதன் இருமடங்கினும் அதிகம்.

1652ல் ஒல்லாந்தர் நன்னம்பிக்கை முனையில் குடியேறினர். அங்கிருந்த கொய்கொய் மக்களுக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஹொட்டன்டொட்'. திக்கித்திக்கிப் பேசுவோர் எனும் பரிகாசமே அது என்பர். ஆனால் வான் றீபெக்கின் வீட்டில் வளர்ந்த குரோட்டோவா என்ற கொய்கொய்ச் சிறுமி ஒல்லாந்தர் மொழியைக் கற்று இரு தரப்புக்கும் மொழிபெயர்ப்பாளரானாள். அவளது மொழியைக் கற்க மாட்டாதவர்களா, அவர்களது மொழியைக் கற்றுக்கொண்டவளா, யாருக்குத் திக்குவாய்?

சொடுக்கொலிகள் பிறரால் கற்க இயலாதவையுமல்ல. அயலில் வாழ்ந்து மணவுறவு கொண்ட சோசா, சூலு மக்கள் அவற்றைத் தம் மொழிகளிலேயே ஏற்றுக்கொண்டனர். ஐரோப்பியருக்கு வேண்டியிருந்தது நிலம். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பண்ணையாளரின் ஆயுதக் குழுக்கள் சான் மக்களை வேட்டையாடின. எஞ்சியோர் பண்ணைக் கூலிகளாயினர். பசிக்கு ஆடுமாடு திருடிச் சிறைக்கும் சென்றனர்.

அந்தச் சிறையிலிருந்துதான் ஓர் ஆசான் கிடைத்தார். கேப்டவுண் நகரில் வாழ்ந்த ஜேர்மனிய மொழியறிஞர் வில்ஹெல்ம் பிளீக், 1870 முதல் அரச அனுமதியுடன் சான் கைதிகளைத் தம் வீட்டில் தங்கவைத்து மொழி பயின்றார். மனைவியின் சகோதரி லூசி லொயிட்டும் உடன் கற்றார். 1871ல் அங்கு வந்த முதியவர் கப்போ. பெயருக்கு முன் பக்கச் சொடுக்கு ஒன்று உண்டு. இரண்டு நிலைக்கோடுகளால் அதை எழுதுவர். பெயரின் பொருள் கனவு. அவரது மொழி ஹம். நாம் உச்சுக் கொட்டும் அதே பல்லொலியில் தொடங்கும் பெயர் அது.

அவ்வாண்டே தண்டனைக் காலம் முடிந்தும் கப்போ உடனே ஊர் திரும்பவில்லை. தம் மக்களின் கதைகள் நூல் வழியாக அறியப்படும் என்ற எண்ணம் அவருக்கு மகிழ்ச்சி தந்தது. ஊர் நினைவில் ஏங்கியபடியே 1873 வரை இருந்து சொல்லிக்கொடுத்தார். 1876ல் காலமானார். அதற்கு முன்பே, 1875ல், பிளீக் இறந்துவிட்டார். பணியைத் தொடர்ந்த லூசி லொயிட் 1911ல்தான் அக்கதைகளின் தொகுதியை வெளியிட முடிந்தது. பன்னிரண்டாயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட அக்குறிப்பேடுகளை 1997ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

ஆனால் நூல் வந்த காலத்திலேயே ஹம் மொழி அழிந்துகொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 27ல் தென்னாபிரிக்கா ஏற்றுக்கொண்ட புதிய அரச இலச்சினையின் மகுடவாசகம் இந்த ஹம் மொழியில்தான் உள்ளது. வேறுபட்ட மக்களே ஒன்றுபடுங்கள் என்பது அதன் கருத்து. அதைத் தாய்மொழியாய் வாசிக்க அப்போது ஒருவருமில்லை. அந்நாட்டின் உத்தியோகபூர்வ மொழிகளுள் கொய்சான் மொழி ஒன்றேனும் இல்லை.

ஹம்முக்கு உறவான நூ மொழியும் அழிந்ததாகவே 1970களில் கருதப்பட்டது. 1990களில் அதைப் பேசும் முதியோர் சிலர் கண்டறியப்பட்டனர். அவர்களுள் ஒருவர் கத்ரீனா ஏசா. அவரது சிறுவயதில் பண்ணை முதலாளி அதை அசிங்கமான மொழி எனப் பழித்ததால் வெட்கி ஒதுக்கியவர், முதுமையில் தம் வீட்டிலேயே பிள்ளைகளைக் கூட்டி நூ மொழியைக் கற்பித்தார். 2021ல் ஆமையும் தீக்கோழியும் பற்றிய சிறுவர் கதைநூலையும் அம்மொழியில் தந்தார்.

துப்பாக்கி கொன்றது போக எஞ்சியதை வெட்கம் கொன்றது என்பதே இந்த வரலாற்றில் நான் காண்பது. வீட்டில் பேசும் பேச்சை வகுப்பில் பேசியதற்காக ஒரு பிள்ளை தலைகுனிய நேரும் ஒவ்வொரு முறையும் அந்த வெட்கம் விதைக்கப்படுகிறது. அதைச் செய்வதும் செய்யாதிருப்பதும் பெரும்பாலும் எம்மைப் போன்ற ஆசிரியர்களின் கையிலேயே இருக்கிறது.