சர்க்கரை மாற்றும் நொதியும் சுண்டெலிக் கருவும்

உயிரணுவின் வெளிப்பரப்பில் உள்ள புரதங்களிலும் கொழுப்புகளிலும் சர்க்கரைச் சங்கிலிகள் கிளைகிளையாகப் பிணைந்துள்ளன. இச்சங்கிலிகளைக் கட்டுவதும், கத்தரிப்பதும், அவற்றின் அமைப்பை மாற்றுவதும் சர்க்கரை மாற்ற நொதிகளின் வேலை. ஒவ்வொரு நொதியையும் ஆக்குவதற்குரிய செய்தி ஒரு மரபணுவில் உள்ளது. இந்தச் சர்க்கரைப் பூச்சு உயிருக்கு இன்றியமையாததா, அது இல்லாமலும் உயிர் வாழ முடியுமா என்பது நெடுநாள் தீராத கேள்வியாக இருந்தது. தெளிவான விடை 1990களில் சுண்டெலிக் கருவிலிருந்து கிடைத்தது.

1952: நீலகிரியும் பம்பாயும்

1952ஆம் ஆண்டு இந்தியர்களின் இரத்தம் பற்றிய இரண்டு கண்டுபிடிப்புகள் மருத்துவ இதழ்களில் வெளிவந்தன. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணுப் பண்பு இருப்பதை ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் அறிவித்தனர். ஏ, பி, ஓ ஆகிய எந்த வகை இரத்தமும் ஒத்துக்கொள்ளாத சிலரைப் பம்பாயில் கண்டறிந்ததை ஒய். எம். பெண்டே குழுவினர் அறிவித்தனர். இந்த இரத்த வகைக்குப் 'பம்பாய் இரத்த வகை' என்ற பெயர் நிலைத்தது.

இவ்விரண்டிலும் மரபணு செயற்படும் வழி வேறு. அரிவாள் அணுவில் மரபணுவின் பிழை ஹீமோகுளோபின் என்ற புரதத்திலேயே நேராகத் தெரிகிறது. ஏ, பி வகைகளைப் பிரித்துக் காட்டுபவையோ சர்க்கரைகள். மரபணுவால் சர்க்கரையை நேரடியாக உண்டாக்க இயலாது. அது ஒரு நொதியை உண்டாக்கும், அந்த நொதி சர்க்கரையைச் சங்கிலியில் சேர்க்கும். பம்பாய் வகையினரிடம் ஃபியூக்கோஸ் என்னும் சர்க்கரையைச் சேர்க்கும் நொதி இரத்த அணுக்களில் செயற்படுவதில்லை. அடித்தளமான 'எச்' அமைப்பு இல்லாததால் ஏ, பி சர்க்கரைகள் ஒட்ட இடமில்லை. ஆயினும் இவர்கள் நலமாகவே வாழ்கிறார்கள். இரத்தம் ஏற்ற வேண்டிய நேரத்தில்தான் அதே வகையினரைத் தேட வேண்டியிருக்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு மரபணுக்களைத் தனித்தனியே நீக்கிய சுண்டெலிகளும் இயல்பாக வளர்ந்து குட்டி ஈன்றன என 2001இல் தெரியவந்தது.

குடுவை தந்த விடை

1975இல் பமேலா ஸ்டான்லியும் உடன் பணியாற்றியோரும் சீன வெள்ளெலியின் சூலக உயிரணுக்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, அவரைக் குடும்பத்து விதையிலிருந்து எடுத்த லெக்டின் என்ற நச்சுப் புரதத்தை அவற்றின்மீது சேர்த்தனர். லெக்டின் சர்க்கரைச் சங்கிலியைப் பற்றிக்கொண்டே உயிரணுவைக் கொல்லும். தப்பிப் பிழைத்த உயிரணுக்களில் ஒரு நொதி இல்லாதது தெரிந்தது. ஐந்து மானோஸ் கொண்ட அடிக்கட்டையில் புதிய கிளைக்கான முதல் சர்க்கரையைச் சேர்ப்பது அந்த நொதி. அது இல்லாவிட்டால் சிக்கலான கிளைச் சங்கிலிகள் உருவாகமாட்டா. அப்படியிருந்தும் அந்த உயிரணுக்கள் குடுவையில் நன்றாகவே பெருகின.

கரு தந்த விடை

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் ஆய்வு செய்துவந்த அஜித் வர்க்கி 1991இல் வேறொரு வழியில் இக்கேள்வியை அணுகினார். சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையில் ஒட்டியிருக்கும் சிறு அசிட்டைல் தொகுதியை நீக்கும் நொதி ஒன்று இன்ஃபுளுவென்சா சி வைரசில் உண்டு. அதற்குரிய மரபணுவை அவருடைய குழுவினர் சுண்டெலிக் கருவில் புகுத்தினர். தொடக்கத்திலேயே அந்நொதி செயற்பட்ட கருக்கள் இரண்டு உயிரணு நிலையிலேயே நின்றுவிட்டன. பிந்திச் செயற்பட்டபோது விழித்திரை, அட்ரினல் சுரப்பி ஆகியவற்றின் திசு ஒழுங்கில் மாற்றங்கள் தோன்றின.

அதற்குள் குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்யும் முறை வந்துவிட்டது. இதை உருவாக்கிய மூவர் 2007இல் நோபல் பரிசு பெற்றனர். 1994இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே, குடுவை உயிரணுக்களில் இல்லாதிருந்த அதே நொதியின் மரபணுவான எம்கேட்-1ஐச் சுண்டெலியில் நீக்கின. சுண்டெலியின் கருக்காலம் ஏறத்தாழ 19 முதல் 20 நாட்கள். மரபணு இல்லாத கருக்கள் பத்தாம் நாளையொட்டி இறந்தன. நரம்புக்குழாய் சரியாக உருவாகவில்லை. இரத்தக் குழாய்களின் வளர்ச்சி குன்றியது. சில கருக்களில் இதயம் வளைய வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் வளைந்தது.

அப்படியானால் முதல் சில நாட்கள் அவை எவ்வாறு வாழ்ந்தன? முட்டையில் தாய் விட்டுச்சென்ற எம்கேட்-1 ஆர்.என்.ஏ. அதுவரை போதுமானதாக இருந்தது என 1997இல் ஸ்டான்லி குழுவினர் காட்டினர். தாயின் இருப்பு தீர்ந்த பிறகே குறை வெளிப்பட்டது.

குடுவையும் கருவும் வெவ்வேறு விடை தருவதற்குக் காரணம் உண்டு. குடுவையில் ஓர் உயிரணு தன்னளவில் பிழைத்தால் போதும். கருவில் அது அண்டை உயிரணுவின் செய்தியைப் பெற வேண்டும், இடம் பெயர வேண்டும், உரிய வேளையில் உருமாற வேண்டும். 2003இல் இதற்குத் தெளிவான சான்று கிடைத்தது. நாட்ச் என்னும் செய்தியேற்பிப் புரதத்தில் ஃபியூக்கோசைச் சேர்க்கும் மரபணுவை நீக்கியபோது, நாட்ச் வழியே செயலிழந்ததுபோல் கருக்கள் நடுக்காலத்தில் இறந்தன.

எல்லாச் சர்க்கரையும் ஒரே நிலையில் இல்லை

சியாலிக் அமிலத்தைத் தயாரிக்கும் பாதையின் தொடக்க நொதிக்குரிய ஜி.என்.இ. மரபணுவை நீக்கினால், கரு எட்டரை முதல் ஒன்பதரை நாளுக்குள் இறக்கும் என 2002இல் கண்டறியப்பட்டது. ஆனால் அதே அமிலத்தில் ஓர் ஆக்சிஜனைச் சேர்க்கும் சிமா நொதி இல்லாத சுண்டெலிகள் உயிரோடு பிறக்கின்றன. மனித இனமே இந்த நொதியை இழந்த இனம் என்பது 1998இல் அறியப்பட்டது. அந்த ஆய்விலும் வர்க்கியின் குழு இருந்தது. அடிப்படைச் சங்கிலியைத் தொடங்கும் நொதியின் இழப்பைக் கரு தாங்காது. நுனியில் செய்யப்படும் சில மாற்றங்களின் இழப்பைத் தாங்கும்.

மனிதருக்கு இதன் பொருள்

சர்க்கரைச் சங்கிலிகள் சரியாக அமையாத பிறவி நோய்களுள் முதலாவது, 1980இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த இரட்டைச் சகோதரிகளிடம் விவரிக்கப்பட்டது. இன்று இத்தகைய நோய்கள் நூற்றுக்கும் மேல் அறியப்பட்டுள்ளன. இவற்றில் பலவற்றில் நொதி ஓரளவாவது செயற்படுகிறது. ஜி.என்.இ. மரபணுவின் பிழையால் வரும் தசைநோய் பெரும்பாலும் இளமைப் பருவத்தில், கால் தசைகளில் தொடங்குகிறது. இந்தியாவிலும் இந்நோய் உள்ளவர்கள் இருக்கிறார்கள். சுண்டெலிக் கருவைக் கொல்லும் முழு இழப்பும், நடக்கும் ஆற்றலை மெல்லக் குறைக்கும் பகுதி இழப்பும் ஒரே மரபணுவின் இரு விளைவுகள். இத்தகைய நோயாளிகளில் நொதி எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதே நோயின் கடுமையைப் புரிந்துகொள்ள உதவும் முதற்கேள்வி.