மீகாமனும் தானியங்கு சுக்கானும்

செங்கற்பட்டு மாவட்டத்து நாவலூர் இன்று கணிப்பொறி நிறுவனங்களால் அறியப்படும் ஊர். பழைய மாமல்லபுரம் சாலையில் அமைந்த இவ்வூருக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாயும், அதனை அடுத்து முட்டுக்காட்டுக் கழியும் கோவளத்துக் கடற்கரையும் உள்ளன. கடலை அடுத்திருத்தலான் இவ்வூர்ப் பெயரை 'நாவாய்' என்னும் சொல்லோடு இயைத்துக் காண ஆசை எழலாம். ஆயின் நாவல் மரத்தோடு இயைத்துக் கொள்வதே சொல்லமைப்பிற்குப் பொருந்துவதாகும். பெயரால் தொடர்பின்றேனும், தொழிலால் ஒரு தொடர்பு இக்காலத்தில் உண்டாகியுள்ளது. பாய்மரப் படகில் இன்று பொருத்தப்பெறும் மின்னணுக் கருவிகளில் கணிப்பொறியாளன் அறிவும் கடலோடியின் அறிவும் ஒன்றுகூடுகின்றன. அக்கருவிகளின் வரலாற்றைத் தமிழ்க் கடலோடிகளின் அறிவு வரலாற்றோடு ஒருங்குவைத்து ஈண்டு ஆராய்வோம்.

பழைய வினாக்கள்

காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்தியவன் மரபில் வந்தவன் எனக் கரிகாலனை வெண்ணிக் குயத்தியார் புறநானூற்றின் 66ஆம் பாட்டிற் போற்றுகின்றார். பெரும்பாணாற்றுப்படை நீர்ப்பெயற்று என்னும் துறையின்கண் இரவில் கலங்களை அழைக்கும் விளக்கினைக் கூறுகின்றது. அத்துறையை மாமல்லபுரமாகக் கருதுவாரும் உளர், மறுப்பாரும் உளர். அம்மாமல்லபுரத்தில் 1904இல் கட்டிமுடிந்த கலங்கரை விளக்கம் இன்றும் உள்ளது. கலம் செலுத்துவோனை மீகாமன் என்றனர் நம் முன்னோர். பின்னர் வழக்கில் வந்த 'மாலுமி', 'சுக்கான்' என்னும் சொற்கள் அரபு மொழியினின்று பெற்றவை. பிற நாட்டார் கருவியும் சொல்லும் நம் கடற்கரைக்குப் புதியன அல்ல என்பது இதனாற் போதரும்.

எக்காலத்து மீகாமனும் ஐந்து வினாக்களுக்கு விடை காண வேண்டியவன். கலம் நிற்கும் இடம் யாது? செல்லும் விரைவு எவ்வளவு? கீழே ஆழம் எவ்வளவு? காற்று எத்திசையது? சுக்கானை இடைவிடாது பிடிப்பவர் யார்? கருவிகள் மாறினவேயன்றி வினாக்கள் மாறவில்லை.

இடம் அறியத் தமிழ்க் கடலோடிகள் சிறு பலகை ஒன்றையும் முடிச்சிட்ட கயிற்றையும் பயன்படுத்தினர். இராப்பலகை என இதனை வழங்கினர். காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர், சோழமண்டலக் கரை மாலுமிகளின் கருவிகளைப் பற்றி 1850இல் சென்னையில் வெளிவந்த ஆராய்ச்சி இதழொன்றில் எழுதியுள்ளார். பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு வடமீனையும் தொடுமாறு பிடித்தால், கயிற்றின் முடிச்சு வடமீனின் உயரத்தைக் காட்டும். முடிச்சு ஒவ்வொன்றும் ஒரு துறைக்கு உரியது. வானத்தை 'விரல்' கணக்கால் அளப்பது இந்தியப் பெருங்கடல் மாலுமிகளின் மரபு. அரபியர் கணக்கில் ஒரு விரல் ஏறத்தாழ 1 பாகை 36 கலை. மாமல்லபுரத்திற்கும் நாகப்பட்டினத்திற்கும் உள்ள அகலாங்கு வேறுபாடு ஏறத்தாழ 1 பாகை 51 கலை; அஃதாவது ஒரு விரலுக்குச் சற்று மிகுதி. இவ்விரு துறைகளையும் வேறுபடுத்தி அறியக் கைக்கடங்கிய பலகையே போதியதாயிற்று.

மின்னணு விடைகள்

இன்று இடத்தைச் செயற்கைக் கோள்கள் அறிவிக்கின்றன. ஆழத்தை ஈயக்குண்டு கட்டிய கயிற்றுக்கு மாற்றாக எதிரொலி அளக்கின்றது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். அனுப்பிய ஒலி 50இல் ஒரு பங்கு நொடியில் மீளுமாயின் ஆழம் 15 மீட்டர். விரைவைப் படகின் அடியில் சுழலும் சிறு சக்கரம் காட்டும்.

இச்சக்கரம் காட்டுவது நீரை நோக்கிய விரைவு. செயற்கைக் கோள் காட்டுவதோ நிலத்தை நோக்கிய விரைவு. திசையையும் சேர்த்து இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் கிடைக்கும் வேறுபாடே நீரோட்டம். அவ்வாறே பாய்மர உச்சியில் உள்ள காற்றுமானி, ஓடும் படகில் உணரப்படும் காற்றையே அளக்கும். படகின் விரைவைக் கழித்த பின்னரே மெய்க்காற்று விளங்கும். ஆதலின் கருவிகள் தனித்தனியே நில்லாது ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் வண்ணம் தேர்தல் வேண்டும். மின்னணுத் திசைகாட்டியை எந்திரத்திற்கும் இரும்பிற்கும் ஒலிபெருக்கிக்கும் அணித்தாக வைத்தல் ஆகாது. அவற்றின் காந்தம் அதனைப் பிறழச் செய்யும். படகின் ஆட்டம் குறைந்த நடுப்பகுதியே அதற்கு ஏற்ற இடம்.

ஐந்தாம் வினாவே அரியது. தனித்துச் செல்லும் கடலோடி உறங்கும்போது சுக்கானைப் பிடிப்பவர் யார்? ஆட்டோபைலட் எனப்படும் தானியங்கு சுக்கான் இதற்குரிய விடை. இதன் கணிதத்திற்கு அடிகோலியவருள் தலையாயவர் உருசிய நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய நிக்கோலஸ் மினோர்ஸ்கி. 1922இல் வெளியிட்ட கட்டுரையில், தேர்ந்த மீகாமன் சுக்கானைத் திருப்பும் முறையைக் கணித வடிவாக்கினார். தேர்ந்தவன் கலம் எவ்வளவு விலகியது என்பதை மட்டும் நோக்குவதில்லை. எவ்வளவு விரைந்து விலகுகின்றது என்பதையும், ஒரு பக்கமே தொடர்ந்து சாய்கின்றதா என்பதையும் உளங்கொண்டு திருப்புகின்றான். இன்றைய தானியங்கு சுக்கானும் இவ்வழியே இயங்குகின்றது. எனவே இப்பொறி மீகாமன் அறிவிற்கு மாறானது அன்று. அவ்வறிவே எழுத்துவடிவம் பெற்றதாகும்.

சிறு படகிற்குச் சுக்கான் கைப்பிடியைத் தள்ளியிழுக்கும் பொறி போதும். பெரும்படகிற்குத் தளத்தின் கீழ்ச் சுக்கான் தண்டோடு இணைந்த வலிய பொறி வேண்டும். படகின் நீளத்தை மட்டும் நோக்காது, நெடும்பயணத்திற்குரிய சுமையேறிய எடையை நோக்கியே இதனைத் தேர்தல் வேண்டும். பொறியின் அடியை உறுதியான சட்டத்திற் பிணித்தல் இன்றியமையாதது. அலையின் விசை முழுதும் அவ்விடத்தே தாக்கும். மின்கலத்தின் ஆற்றலை மிகுதியாக உண்பதும் இப்பொறியே.

மின்சாரம் வேண்டாத மற்றொரு வழியும் உண்டு. 1960இல் நடந்த தனியாள் அட்லாண்டிக் பந்தயத்தில் ஹாஸ்லர் என்பார் காற்றுத் தகட்டால் தானே திரும்பும் அமைப்பைப் பயன்படுத்தினார். அது திசைகாட்டியைப் பின்பற்றாது காற்றைப் பின்பற்றும். காற்று மாறின் படகின் வழியும் மாறும்.

பழுதுற்ற பொழுது

பம்பாயிற் கட்டப்பெற்ற 'சுகைலி' என்னும் படகில் இராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1969இல் உலகை இடைநில்லாது தனியே வலம்வந்த முதல்வரானார். அவருடைய தானியங்கு அமைப்பு இடைவழியிற் பழுதுற்றது. அதன்பின் பாய்களைச் சமன்செய்தே படகை நேர்வழியிற் செலுத்தினார். அப்பயணத்தின் நினைவாக 2018இல் நடந்த கோல்டன் குளோப் பந்தயத்தில் மின்னணு வழிகாட்டிகள் விலக்கப்பட்டன. அதில் கலந்துகொண்ட இந்தியக் கடற்படை வீரர் அபிலாஷ் டோமி பாய்மரம் முறிந்து காயமுற்று மீட்கப்பட்டார். 2022இல் தொடங்கிய அடுத்த பந்தயத்தில், காற்றுத் தகட்டமைப்பு பழுதுற்றபோது கழிவறைக் கதவை அறுத்து மாற்றுறுப்புச் செய்துகொண்டார். 2023இல் இரண்டாம் இடமும் பெற்றார்.

கேரளத்தைச் சார்ந்த தில்னாவும் புதுச்சேரியைச் சார்ந்த ரூபா அழகிரிசாமியும் 2024 அக்டோபரில் 'தாரிணி' என்னும் கடற்படைப் படகிற் கோவாவினின்று புறப்பட்டு, உலகை வலம்வந்து 2025 மே மாதத்தில் மீண்டனர். இக்காலக் கருவிகள் உடைய படகாயினும் அதனைச் செலுத்தியோர் இருவரே. கருவி ஓய்ந்தால் கையே சுக்கான் என்னும் நிலை அவர்க்கும் உண்டு.

நம் கடமை

மினோர்ஸ்கி மேலைநாட்டு மீகாமன் அறிவைப் பதிவு செய்தார். நம் கரையின் அறிவோ பெரும்பாலும் பதிவு பெறாமல் வாய்மொழியிலேயே உளது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கோவளம் முதலிய ஊர்களில் கட்டுமரம் அருகி, கண்ணாடியிழைப் படகு பெருகியது. செயற்கைக் கோள் கருவியும் மீனவர் கைக்கு வந்தது. அஃது உயிர்காப்பது, வரவேற்கத்தக்கது. ஆயின் கருவி நீரோட்டத்தை எண்ணாகக் காட்டும். மீனவரோ வடக்கினின்று வருவதை 'வண்ணி' என்றும், தெற்கினின்று வருவதைத் 'தெண்டி' என்றும் பெயரிட்டு வழங்குவர். வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குப் பெயர் தந்தவரும் அவரே. ஒவ்வொரு பெயரிலும் பருவமும் மீன்வரவும் இடரும் அடங்கிய கணக்கு ஒன்று உள்ளது. பெயர் மறையின் அக்கணக்கும் மறையும்.

காங்கிரீவ் எழுதி 170 ஆண்டுகளுக்கு மேலாயின. பட்டிபுலம் முதல் கல்பாக்கம் வரை கட்டுமரம் செலுத்திய முதியோர் சொற்களைத் திரட்டுதல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணி. சொல்லோடு அதன் பொருளை மட்டும் எழுதின் போதாது. அச்சொல்லால் அவர் எம்முடிவு செய்தார் என்பதையும் எழுதுதல் வேண்டும். அங்ஙனம் எழுதிய ஏடு இருப்பின், நாவலூரில் கருவிக்கு நிரல் எழுதும் தமிழ் இளைஞர்க்கும் அது பயன்படும் என்பது நம் துணிபு.