விக்டோரியா பொது மண்டபம்: ஒரு பொதுக் கட்டடத்தின் வாழ்வும் மறுவாழ்வும்

சென்னை சென்ட்ரல் நிலையத்தில் இறங்கிப் பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே செல்வோர், வெண்ணிற ரிப்பன் மாளிகைக்கு அருகில் செங்கல் நிறத்தில் கோபுரத்தோடு எழுந்து நிற்கும் ஒரு கட்டடத்தைக் காண்பர். அதுவே விக்டோரியா பொது மண்டபம். நம்மில் பலர் அதைப் பலமுறை கடந்து சென்றிருப்போம்; பூட்டிய கதவுகளைத் தாண்டி உள்ளே சென்றவர் சிலரே. நகரின் பொது அரங்காகப் பிறந்த மண்டபம் எவ்வாறு மக்களுக்கு எட்டாததாயிற்று, அதை மீட்க நகராட்சி மன்றம் எடுத்த முயற்சி எத்தகையது என்பதை அறிவது, பொதுச் சொத்தைப் பேணும் பொறுப்புடைய எவருக்கும் பயன் தரும்.

பிறப்பு

சென்னைக்கென ஒரு நகர மண்டபம் வேண்டும் என்ற எண்ணம் 1882ஆம் ஆண்டில் நகரப் பெருமக்களிடையே உருப்பெற்றது. மண்டபத்தை நிருவகிக்க ஓர் அறக்கட்டளை அமைந்தது. பீப்பிள்ஸ் பார்க் என்னும் பெரும் பூங்காவிலிருந்து 57 கிரவுண்டு நிலத்தை, கிரவுண்டுக்கு எட்டணா என்ற சிறு வாடகையில், 99 ஆண்டுக் குத்தகைக்கு நகராட்சி வழங்கியது. அதாவது ஆண்டு முழுமைக்கும் இருபத்தெட்டரை ரூபாய். நிலம் நகராட்சியுடையது, கட்டடம் நன்கொடையாளர் பொருளால் எழுந்தது, நிருவாகம் அறங்காவலர் கையில் இருந்தது. இந்த மூன்று நிலைகளையும் வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். பிற்காலச் சிக்கலுக்கு வித்து இங்கேதான் இருக்கிறது.

1883ஆம் ஆண்டு டிசம்பரில் விஜயநகர மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். ராபர்ட் சிஷோம் வரைந்த வடிவத்தை நம்பெருமாள் செட்டியார் கட்டி முடித்தார். முன்னவர் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையை வடிவமைத்தவர். பின்னவர் உயர் நீதிமன்றக் கட்டடத்தை எழுப்பியவர். 1887இல் விக்டோரியா மகாராணியின் ஆட்சிப் பொன்விழா வந்தது. அதன் நினைவாக மண்டபத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

பெருவாழ்வு

கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் பேரவைகள் கூடுவதற்கேற்ற விரிந்த கூடங்கள் அமைந்தன. 1897 பிப்ரவரியில் மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் இங்குச் சொற்பொழிவாற்றினார். சலனப் படம் என்னும் புதுமையைச் சென்னை மக்கள் முதன்முதலில் கண்ட இடங்களுள் இதுவும் ஒன்று. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தோற்றுவித்த சுகுண விலாச சபை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பல்லாண்டுகள் இம்மண்டபத்தைத் தன் இல்லமாகக் கொண்டது. படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் மேடையேறி நடிப்பதை இழிவாகக் கருதாத நிலை தமிழ்நாட்டில் உருவாக இந்த மேடை பெரிதும் துணைசெய்தது.

தளர்ச்சி

சபை 1930களில் வேறிடம் சென்றது. திரையரங்குகளும் புதிய மன்றங்களும் பெருகின. மண்டபத்தை நாடுவோர் குறைந்தனர். 1960களில் ஒருமுறை சீரமைப்பு நடந்தும் பழைய பொலிவு நிலைக்கவில்லை. வளாக நிலத்தின் ஒரு பகுதி வணிகப் பயனுக்குச் சென்றது.

99 ஆண்டுக் குத்தகை 1985ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதே ஆண்டில் அண்டையிலிருந்த மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. மார்க்கெட்டை நெருப்பு ஒரே இரவில் அழித்தது. மண்டபமோ உரிமை வழக்கிலும் பயனின்மையிலும் ஆண்டுக்கணக்கில் தேய்ந்தது. யார் பொறுப்பு என்பது முடிவாகும்வரை கூரையில் முளைத்த ஆலஞ்செடியைப் பிடுங்கக்கூட ஆளில்லாமற் போவது இத்தகைய கட்டடங்களின் பொதுவிதி. நெடிய வழக்குக்குப் பின் மண்டபம் மாநகராட்சியின் கைக்கு வந்தது.

மறுவாழ்வுத் திட்டம்

சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தின்கீழ் சுமார் 32 கோடி ரூபாய்ச் செலவில் புனரமைப்புப் பணியை மாநகராட்சி 2023இல் தொடங்கியது. இத்தகைய பணியில் இரு கேள்விகள் உண்டு. முதலாவது, எவ்வாறு பழுது பார்ப்பது? அக்காலக் கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளிவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரித்துவிடும். ஆகவே பழைய முறையறிந்த கைவினைஞரைத் தேடிக் கண்டு, பழைய கலவையையே ஆள வேண்டும். இது காலமும் பொறுமையும் கேட்கும் வேலை.

இரண்டாவது கேள்வியே பெரிது: பழுது பார்த்தபின் என்ன செய்வது? மண்டபத்தின் வரலாற்றைக் காட்டும் காட்சிக்கூடமும், நிகழ்ச்சிகளுக்கான அரங்கமும் அமைப்பது திட்டத்தின் நோக்கம். காட்சிக்கூடம் மட்டும் எஞ்சி அரங்கம் அடங்கிப்போனால், மண்டபம் தன் நினைவுச் சின்னமாகவே ஆகிவிடும். இது பார்க்கப்படுவதற்காக அன்று, கூடுவதற்காகக் கட்டப்பட்டது. எளிய நாடகக் குழுவும் சிறு இலக்கிய மன்றமும் தாங்கக்கூடிய வாடகை, பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்ட நிலையான நிதி, பொறுப்பேற்கும் தெளிவான நிருவாகம் ஆகிய மூன்றும் இருந்தாலன்றிச் செலவிட்ட கோடிகள் மற்றுமொரு சீரமைப்பாகவே கழிந்துபோகும்.

நமக்கு உரியது

நம் சமூகத்தார் வாழும் ஊர்களிலும் முன்னோர் பொருளீட்டி எழுப்பிய மண்டபங்களும் சத்திரங்களும் பள்ளிக் கட்டடங்களும் உள்ளன. அவற்றுள் சில பூட்டிக் கிடக்கின்றன. பத்திரம் எங்கே, பொறுப்பு யாருக்கு, அடுத்த தலைமுறை அதில் என்ன செய்யும் என்ற வினாக்களை உறவினர் ஒற்றுமையாய் இருக்கும் காலத்திலேயே கேட்டு எழுதி வைப்பது நலம். விக்டோரியா மண்டபத்தின் சுவர்கள் நூறாண்டைத் தாங்கி நின்றன. அதன் ஏற்பாடுகள்தாம் தாங்கவில்லை. கட்டடத்தைக் கட்டியவர்க்கு நாம் செலுத்தும் கைம்மாறு, அதன் கதவைத் திறந்து வைத்திருப்பதே.