பெரியம்மாவின் தகரப் பெட்டியில் ஒரு லைசென்ஸ் புத்தகம்

தா.பழூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் பெரியம்மாவின் தகரப் பெட்டியில் நிலப் பத்திரம், கூட்டுறவுச் சங்கப் பாஸ்புக், மஞ்சள் மங்கிப்போன இரண்டு கல்யாணப் பத்திரிகைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், உரம் வந்த பிளாஸ்டிக் பையை வெட்டிச் செய்த உறைக்குள் இருந்தது அந்தப் புத்தகம். உள்ளங்கை அகலம். ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. முதல் பக்கத்தில் பெரியப்பாவின் பெயர், விலாசம், ரேடியோ கம்பெனியின் பெயர்: மர்பி. அடுத்தடுத்த பக்கங்களில் வருடத்துக்கு ஒன்றாகத் தபால் ஆபீஸ் முத்திரை. ரேடியோ பெட்டி போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. லைசென்ஸ் மட்டும் இருக்கிறது.

வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்ள அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாக இல்லை. 1927இல் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி தொடங்கியபோது ரேடியோ வைத்திருப்பவர் ஆண்டுக்கு 10 ரூபாய் கட்ட வேண்டும். அதில் 8 ரூபாய் கம்பெனிக்குப் போகும் என்று ஏற்பாடு. பணம் கட்டாமலே கேட்டவர்கள் ஏராளம். கம்பெனி மூன்றே வருடத்தில் படுத்துவிட்டது. அதன் பிறகு 1933இல் ஒரு சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் பெட்டியை வைத்திருப்பதே குற்றம் என்றது அது. கேட்டாயா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. வீட்டில் பெட்டி இருந்தால் போதும். பெரியம்மாவின் தகரப் பெட்டிக்குள் இருக்கும் புத்தகத்துக்கு இந்தச் சட்டம்தான் தாய்.

ஒலிபரப்பின் தமிழ்நாட்டுக் கதை அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று சென்னையில் ஒரு ரேடியோ சங்கம் ஒலிபரப்பியது. காசில்லாமல் அது 1927இல் நின்றுபோக, 1930இல் சென்னை மாநகராட்சி அந்த வேலையை எடுத்து நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இல் வந்தது, திருச்சி நிலையம் 1939 மே மாதத்தில். நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவின் பங்குக்கு வந்த வானொலி நிலையங்கள் மொத்தம் 6. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோவோடு திருச்சியும் அந்த வரிசையில் நின்றது. எங்கள் ஊர்க்காரர்கள் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டு நான் கேட்டதில்லை. பெருமைப்படலாம், தப்பில்லை.

புத்தகத்தில் உள்ள விலாசத்தைப் படித்தபோது கொஞ்சம் தடுமாறினேன். உடையார்பாளையம் தாலுகா, திருச்சிராப்பள்ளி ஜில்லா என்று இருந்தது. அன்றைக்குப் பெரம்பலூரும் அரியலூரும் ஜெயங்கொண்டமும் எல்லாம் திருச்சி ஜில்லாதான். 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. 2001இல் அரியலூர் பிரிந்தது, 2002இல் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007இல் மறுபடி பிரிந்தது. பெரியம்மா வாசலைத் தாண்டாமலே நான்கு முறை மாவட்டம் மாறியவர். ரேடியோவுக்கு மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. திருச்சி நிலையம் எப்போதும் திருச்சி நிலையம்தான்.

பெரியப்பா 1962இல் திருச்சிக்குப் போய் அந்த மர்பியை வாங்கி வந்தார். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். வால்வு ரேடியோ. சுவிட்சைத் தட்டினால் உடனே பாடாது. உள்ளே வால்வு சூடேறி, கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் வந்து, அதற்கப்புறம்தான் தூரத்திலிருந்து ஆள் நடந்து வருவதுபோலக் குரல் வரும். கூடத்தின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் செம்புக் கம்பி வலையில் ஏரியல். அதில் குருவி உட்கார்ந்தால் கரகரக்கும் என்று பெரியப்பா சொல்வார். அப்படி ஆகுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் குருவியை விரட்டும் வேலை பிள்ளைகளுக்குத்தான்.

பகலில் திருச்சி தெளிவாக எடுக்கும். மத்திய அலை தரையை ஒட்டியே வருவது; அந்தத் தூரம் அதற்கு ஒன்றுமில்லை. பொழுது சாய்ந்தால் கதை வேறு. இரவில் அந்த அலைகள் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும். அப்போது கொழும்பும் கூடத்துக்குள் வந்துவிடும். 1952இல் தகவல் அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டுக்கு இங்கே கதவைச் சாத்த, இலங்கை வானொலி வாசலை அகலத் திறந்து வைத்தது. இந்திய அரசு 1957இல் விவித் பாரதியைக் கொண்டுவந்த பிறகும் எங்கள் வீட்டில் இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனன் குரல் குறையவில்லை. யோசித்தால் வேடிக்கை. ஆண்டு பிறந்ததும் டெல்லிக்கு லைசென்ஸ் காசு கட்டுவது. இரவானால் கொழும்புக்குக் காதைக் கொடுப்பது.

காசு என்றால் ஆண்டுக்கு 15 ரூபாய். 1970களில் அது சின்னத் தொகை இல்லை. முத்திரைகளைப் புரட்டிப் பார்த்தால் எல்லாம் ஜனவரி மாதத்தில்தான் விழுந்திருக்கின்றன. ஒரே ஒரு வருடம் மார்ச்சில், தாமதக் கட்டணத்தோடு. அந்த வருடம் சம்பா பொய்த்ததாம். பெரியம்மா அதை உடனே சொன்னார். முத்திரைத் தேதி அவருக்கு விளைச்சல் கணக்கு.

விளைச்சல் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுவை நெல் வெளிவந்தது. ஜப்பானின் நோரின் 10 ஒரு பக்கம், நம் ஜி.ஈ.பி. 24 மறுபக்கம் என்று கலந்த ரகம். 105 நாளில் அறுவடைக்கு வரும். 1966இல் திருச்சி வானொலியில் பண்ணைக்கென்று ஒரு பிரிவு ஏற்பட்டு, விடாமல் இதைப் பற்றிப் பேசியது. ஏ.டி.டி. என்ற எழுத்தெல்லாம் விவசாயிக்கு எதற்கு? விதைக் கடையில் போய் “ரேடியோ நெல் குடுங்க” என்றார்கள். இந்திய ஒலிபரப்பு வரலாற்றில் அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அணைக்கரைப் பாலத்தைத் தாண்டினால் ஆடுதுறை ஒன்றும் தொலைவில்லை. ஆனாலும் அக்கரை நெல்லைப் பற்றிய சேதி திருச்சிக்குப் போய், அலையேறி, கொள்ளிடத்தின் இக்கரைக்கு வந்தது. பெரியப்பாவும் அதைப் போட்டார். சோறு ருசி இல்லை என்று பெரியம்மா இன்றைக்கும் முகத்தைச் சுளிக்கிறார். பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் மானாவாரிக்காரர்களுக்கு இந்த நெல்லால் பயனில்லை. அவர்களுக்கு வானிலை அறிக்கைதான் ரேடியோ.

பின்பக்கங்கள் காலியாக இருக்கின்றன. டிரான்சிஸ்டர் வந்து தோளில் தொங்கி வயலுக்கே போன பிறகு யார் லைசென்ஸ் எடுக்கிறார், யார் எடுக்கவில்லை என்று எண்ண முடியவில்லை. முதலில் சிறிய பெட்டிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். 1980களின் நடுவில் ரேடியோ, டிவி இரண்டுக்குமே லைசென்ஸ் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். 2006இல் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியைத் தமிழ்நாடு அரசே இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. வீட்டில் பெட்டி வைத்திருந்ததற்கே காசு கட்டிய பெரியம்மா, கைநாட்டு வைத்து அந்த டிவியையும் வாங்கிக்கொண்டார்.

மர்பிக்கு வால்வு கிடைக்காமல் போனது. கொஞ்ச நாள் அதன்மேல் கடிகாரம் இருந்தது, பிறகு கோழி அடைகாத்தது, கடைசியில் பழைய இரும்புக்காரர் தராசில் ஏறியது.

வானொலி நிலையங்களில் இருந்த ஒலிப்பதிவுகளும் எல்லாம் தப்பவில்லை. ஒலிநாடா விலை அதிகம் என்பதால் ஒன்றை அழித்து அதன்மேலேயே அடுத்ததைப் பதிவது வழக்கம். பெரிய வித்வான் கச்சேரி, தலைவர் பேச்சு என்றால் எடுத்து வைப்பார்கள்; குறுவைக்கு எப்போது உரம் வைப்பது என்று பேசியதை யார் வைப்பார்கள்? லைசென்ஸ் புத்தகங்களுக்கு வேறு ஒரு சோதனையும் உண்டு. பின்னாளில் ஒட்டிய கட்டணத் தலைகளுக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பு இருப்பதால் தலையைப் பிய்த்துக்கொண்டு தாளைப் போட்டுவிடுகிறார்கள். தாளில்தான் ஊரும் ஆளும் தேதியும் இருக்கின்றன. சாத்தனூர்க் கல்மரத்துக்கு வேலி போட்டுக் காப்பவர்கள் நாம். பல கோடி வருடத்துக் கட்டை அது. ஐம்பது வருடத்துக் காகிதத்துக்கு ஓர் அலமாரி கிடைக்காமலா போகும்?

இதையெல்லாம் பெரியம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி, புத்தகத்தை நான் எடுத்துப் போய்ப் பத்திரமாக வைக்கிறேன் என்றேன். இத்தனை வருடம் காப்பாற்றி வைத்ததற்குப் பெரியப்பாவின் நினைவுதான் காரணம் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அவரு ஞாபகத்துக்கு அவரு போட்டோ இருக்குல்லடா” என்றார். “பெட்டிய எடைக்குப் போட்டாச்சு. இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா எதைக் காட்றது? அபராதம் கட்டச் சொல்லிட்டா?”

லைசென்ஸ் முறையையே எடுத்துவிட்டு ஏறக்குறைய நாற்பது வருடம் ஆகிறது, இன்ஸ்பெக்டர் யாரும் வர மாட்டார் என்று சொல்லிப் பார்த்தேன். காலிப் பக்கங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினார்.

“இத்தனை வருஷம் கட்டாம விட்ருக்கோமே” என்று சொல்லி, புத்தகத்தை உறைக்குள் போட்டுப் பெட்டியின் அடியிலேயே வைத்து மூடினார்.