ஐந்தெழுத்துக்கு இடம் உண்டா?

சென்ற ஆண்டு, பாதியில் நின்ற நாவலை முடிப்பதற்காகக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குப் போயிருந்தேன். விரல் வலிக்காமல் எழுத வேண்டுமென்று கணிப்பொறியோடு ஒரு சின்ன விசைப்பலகையும் வாங்கிப் போனேன். விசைக்கு விசை தனி ஸ்பிரிங். தொட்டால் இறங்கும், விட்டால் எழும். பலகையோ உள்ளங்கை அகலந்தான்.

முதல் நாளே மழை பிடித்துக்கொண்டது. 'மலை' என்று அடித்தேன், வந்தது. 'மழை' வரவில்லை! ழகரம் வேண்டுமானால் வேறொரு விசையை அழுத்திக்கொண்டு விரலை முறுக்க வேண்டும். இடத்தை மிச்சம் பிடித்தவர்கள் அதன் விசையை எடுத்துவிட்டிருந்தார்கள்.

இந்த இடநெருக்கடி பழைய கதை. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து, 1907-இல் மலாயாவுக்குப் போன ஆர். முத்தையாவும் இதே முடிச்சைத்தான் அவிழ்க்க உட்கார்ந்தார். ஆங்கிலத் தட்டச்சு யந்திரத்தில் ஐம்பது விசைகூடக் கிடையாது. நமக்கோ 247 எழுத்துகள். அவர் எழுத்தைத் தள்ளிவிடவில்லை, பிரித்துப் போட்டார். 'கொ'வுக்குக் கொம்பு, க, கால் என்று மூன்று தட்டு. புள்ளிக்கு நகராத விசை: அதை முதலில் தட்டினால் உருளை அசையாது, அடுத்த எழுத்து புள்ளிக்குக் கீழே வந்து அமரும். ஜெர்மனியின் சைடல் நௌமன் கம்பெனி அந்த யந்திரத்தைச் செய்து கொடுத்தது.

1999-இல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' முறை இன்னும் சிக்கனமானது. உயிர் 12, மெய் 18, புள்ளி ஒன்று; 31 விசையில் தமிழ் முழுவதும் அடக்கம். உயிர்கள் இடக்கைப் பக்கம். மெய்களில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். ககரத்தை இருமுறை தட்டினால் புள்ளி தானே விழுந்து 'க்க' ஆகிவிடும்.

ஆனால் ஒரு சங்கதி. ஆங்கிலத்துக்கு எழுத்து 26 தான். ஆகவே ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஐந்தும் அவர்களுடைய அடைப்புக்குறி, அரைப்புள்ளி போன்ற குறிகளின் விசைகளில் குடியிருக்கின்றன. பலகையைக் குறுக்குகிறவர் முதலில் கைவைப்பது அங்கேதான். அவருக்கு அது வெறும் குறி. நமக்கு 'நான்', 'யார்', 'சோறு'!

சின்னப் பலகை வாங்குங்கள். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நல்லது. எண் விசைக் கூட்டம் போனால் போகட்டும். ஆனால் காசு கொடுக்குமுன் அந்த ஐந்து விசையையும் எண்ணிப் பாருங்கள். நான் மலையேறிய பிறகு எண்ணினேன். நாவலில் வரவேண்டிய மழையைக் காகிதத்தில் பேனாவால்தான் எழுதினேன்.