பிளீச்சிங் பட்டறையும் ஃபேர்னஸ் க்ரீமும் - கொஞ்சம் வரலாறு

வழக்கமா கோயில், கல்வெட்டு, அமராவதி ஆறுன்னு எழுதிட்டு இருக்கறவன் இன்னைக்கு மூஞ்சில பூசற க்ரீமோட வரலாறு எழுத வந்திருக்கேன். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

என் அக்கா பொண்ணு தாராபுரத்துல இருந்து தினமும் கம்பெனி பஸ்ல திருப்பூர் போய் பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பாக்கறா. மாப்பிள்ளை வீட்டுல பாக்க வர்றாங்கன்னு பேச்சு ஆரம்பிச்ச நேரம், கூட வேலை பாக்கற புள்ள ஒண்ணு சொல்லி ஒரு க்ரீம் வாங்கியிருக்கா. வெள்ளை டப்பா. மேல லேபிள் கிடையாது. பத்தே நாள்ல மூஞ்சி பளபளன்னு ஆயிடுச்சு. அக்காவுக்குப் பெருமை தாங்கல. நானும் என் பங்குக்கு "என்ன அம்முணி, கலராயிட்டே!"ன்னு சொல்லி வெச்சேன்.

மூணு மாசத்துல டப்பா காலி. நிறுத்தின நாலாம் நாள் மூஞ்சி செவந்து, எரிஞ்சு, பொரிப்பொரியா வந்துடுச்சு. பஸ் ஸ்டாப் வெயில்ல அஞ்சு நிமிஷம் நிக்க முடியல. புது டப்பா வாங்கிப் போட்டா அடங்குது, நிறுத்தினா திரும்பக் கிளம்புது. "ஏனுங் மாமா, நீங்கதான் எதையாச்சும் படிச்சுட்டே இருப்பீங்களே, இது என்னன்னு பாருங்க"ன்னு கையில குடுத்தா. நான் படிச்சுக் கண்டுபிடிக்கறதுக்குள்ள தோல் டாக்டர் ஒரே பார்வையில சொல்லிட்டார். ஸ்டீராய்டு.

அதுக்கப்புறம்தான் உக்காந்து படிச்சேன். இந்த வெளுப்பு எல்லாம் எங்கிருந்து வந்துச்சு, எதை நம்பலாம், எதைத் தொடவே கூடாதுன்னு. படிச்சதுல தேறினது இந்தப் பதிவு.

நம்ம தாத்தா பாட்டி காலத்து 'ஸ்னோ'வுல ஆரம்பிப்போம். 1919ல பம்பாய்ல பட்டன்வாலா கொண்டு வந்த ஆப்கான் ஸ்னோ ரொம்பப் பிரபலம். இந்த வகை ஸ்னோ எல்லாத்துக்கும் அடிப்படை ஸ்டியரிக் அமிலம். அதுல கொஞ்சம் காரம் சேர்த்தா ஒரு பகுதி சோப்பா மாறி, தண்ணியோட கலந்து வெண்ணெய் மாதிரி நிக்கும். பூசினா மெல்லிசா ஒரு படலம். கழுவினா போச்சு. வெளுப்பு தோலுக்கு மேலயே நின்னுச்சு, உள்ள போகல. அந்த வகையில நல்ல காலம்னுதான் சொல்லணும்.

தோலுக்கு உள்ள போய் வெளுக்கற கதை ஒரு தொழிற்சாலையில ஆரம்பிக்குது. 1939ல அமெரிக்காவுல தோல் பதனிடற ஆலைத் தொழிலாளிகள் சிலருக்குக் கையில நிறம் போய், வெள்ளைத் திட்டு வந்துச்சு. விசாரிச்சா, அவங்க போட்டிருந்த ரப்பர் கையுறையில கலந்திருந்த ஒரு ரசாயனம்தான் காரணம். அதோட நெருங்கிய சொந்தக்காரர்தான் ஹைட்ரோகுயினோன். பழைய போட்டோ ஸ்டுடியோ இருட்டறையில ஃபிலிம் கழுவற டெவலப்பர்ல இருந்ததும் இதே சரக்குதான். தொழிலாளிக்கு வந்த கேட்டைப் பார்த்துப் பயப்படறதுக்குப் பதிலா, 'நிறத்தை எடுக்குதா? அப்ப விக்கலாமே'ன்னு ஒரு வியாபாரம் கிளம்புச்சு.

விளைவு தென்னாப்பிரிக்காவுல தெரிஞ்சது. வருஷக்கணக்கா ஹைட்ரோகுயினோன் க்ரீம் பூசின கருப்பினப் பெண்களுக்கு முகத்துல நீலங்கலந்த கருப்புப் படை வர்றதை 1975ல அங்க இருந்த டாக்டர்கள் பதிவு பண்ணினாங்க. வெளுக்கப் போனவங்களுக்கு ஆறாத கருப்பு. 1990ல அந்த நாடு அழகுப்பொருள்கள்ல அதைத் தடை பண்ணுச்சு. ஐரோப்பிய யூனியன் 2001ல.

அதே 1975ல அமெரிக்காவுல க்ளிக்மேன், வில்லிஸ்னு ரெண்டு டாக்டர்கள் மங்குக்கு ஒரு கலவை சொன்னாங்க. ஹைட்ரோகுயினோன் 5 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.1, டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு 0.1. டாக்டர் பார்வையில, அளவா போட வேண்டிய மருந்து இது. இதோட சாயல்ல வந்த மும்மருந்துக் கலவை க்ரீம்கள் நம்ம நாட்டுல சீட்டே இல்லாம மெடிக்கல் ஷாப்ல கைமாறி, 'கலர் க்ரீம்' ஆயிடுச்சு.

ஸ்டீராய்டு ஏன் இவ்வளவு சீக்கிரம் வெளுக்க வைக்குது? தோல் நோய்க்கு ஸ்டீராய்டு பூசறது 1952ல ஆரம்பிச்சது. 1962ல அதோட வீரியத்தை அளக்க ஒரு சோதனை வந்துச்சு. தோல்ல தடவி, அந்த இடம் எவ்வளவு வெளிறுதுன்னு பாக்கறது. அவ்வளவுதான் சோதனை! ரத்தக் குழாய் சுருங்கறதால வர்ற வெளிறல் அது. அக்கா பொண்ணு மூஞ்சில நாங்க எல்லாம் பார்த்துப் பாராட்டின 'கலர்'ல பாதி இந்த வெளிறல்தான். போடப் போடத் தோல் மெலியும், நிறுத்தினா சுருங்கின குழாயெல்லாம் விரிஞ்சு செவக்கும். 2008ல நம்ம நாட்டு டாக்டர்களே இதுக்கு 'ஸ்டீராய்டால் பாழான முகம்'ங்கற அர்த்தத்துல தனியா ஒரு பேரு வெச்சாங்க. ஒரு நோய்க்குப் பேரு வைக்கற அளவுக்குக் கூட்டம் வந்திருக்குன்னா பாத்துக்கங்க. 2018 மார்ச்சுல மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இருந்தாத்தான் விக்கணும்னு உத்தரவு போட்டுச்சு.

நம்ம பக்கத்து பிளீச்சிங் மாஸ்டர்களுக்கு இது புதுசு இல்ல. துணியை வெளுக்க வைக்கறது பெரிய வித்தை இல்லீங்க, எப்ப நிறுத்தணும்னு தெரியறதுதான் தொழில். அளவு மீறினா துணி பாக்க வெள்ளை வெளேர்னுதான் இருக்கும், இழுத்தா பொத்துன்னு கிழியும். பார்லர்ல முகத்துக்குப் பண்ற 'பிளீச்' இருக்கே, அதுலயும் பொதுவா நம்ம பட்டறையில போடற அதே ஹைட்ரஜன் பெராக்சைடுதான், வீரியம் கம்மி. அது முக்கியமா வெளுக்கறது முகத்துல இருக்கற பூனை முடியை. தோல் நிறத்தை மாத்திடும்னு நம்பிப் போகாதீங்க.

லேபிள் இல்லாத டப்பாவுல இன்னொரு ஆபத்து பாதரசம். மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்ல ஒரு மருத்துவமனையில 2021 ஜூலைல இருந்து 2023 செப்டம்பர் வரைக்கும் ஒரு வகை சிறுநீரக நோயோட 22 பேர் வந்தாங்க. அதுல 15 பேருக்கு அரிதான ஒரே உட்பிரிவு. அந்த 15 பேர்ல 13 பேர் முகத்துக்கு வெளுப்பு க்ரீம் போட்டவங்க! நிறுத்தினதும் பெரும்பாலானவங்களுக்குச் சரியாச்சு. பூசினது மூஞ்சில, அடி விழுந்தது கிட்னியில.

சரி, ட்யூப்ல வர்ற பிராண்டுகள்? ஃபேர் அண்ட் லவ்லி வந்ததும் 1975தான் (என்ன வருஷம்யா இது!). 2020 ஜூலைல பேரு க்ளோ அண்ட் லவ்லி ஆச்சு. அதுல இருந்த முக்கியச் சரக்கு நியாசினமைடு, அதாவது வைட்டமின் பி3. இது நிறமியை அழிக்காது. ஒரு செல்லுல இருந்து அடுத்த செல்லுக்குப் போறதைக் கொஞ்சம் தடுக்கும். பலன் சின்னது, நிறுத்தினா பழைய நிறம், பெரிய கெடுதலும் இல்ல. இன்னைக்கு ரீல்ஸ்ல சொட்டு மருந்து மாதிரி கண்ணாடி பாட்டில்ல வருதே நியாசினமைடு சீரம், அது இதே ஆள்தான். சட்டை மட்டும் புதுசு.

'அப்ப இயற்கைதான் நல்லது'ன்னு கிளம்பாதீங்க. மஞ்சள் நம்ம பெருமைதான். புண்ணை ஆத்தறதுக்குன்னு 1995ல அமெரிக்காவுல அதுக்குக் காப்புரிமை குடுத்து, நம்ம சி.எஸ்.ஐ.ஆர். வழக்காடி 1997ல அதை ரத்து பண்ண வெச்சுது. 2019ல ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. ஆனா மஞ்சள் பூசினா நிறம் ஏறும்னு அந்த வழக்குல யாரும் சொல்லல. எலுமிச்சைச் சாறைத் தேய்ச்சுட்டு நம்ம ஊர் வெயில்ல போனா, வெந்து கருத்துடும். இதுவும் இயற்கைதான்!

இவ்வளவு படிச்சதுக்கப்புறம் நான் கேக்கற கேள்வி மூணு. உள்ள என்ன இருக்குன்னு எழுதியிருக்கா? அது முதல்ல எதுக்காக வந்த சரக்கு? நிறுத்தினா என்ன ஆகும்?

இந்த மூணுலயும் தேறினது கொஞ்சம்தான். சன் ஸ்க்ரீன், எஸ்.பி.எஃப். 30க்கு மேல. கஞ்சத்தனம் பண்ணாம பூசணும், வெயில்லயே இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா. துணைக்கு ஒரு குடை. வறண்ட தோலுக்கு வாசலின். எண்ணெய்க் கிணத்துல ஒட்டின மெழுகுக் கழிவுல இருந்து செஸ்ப்ரோ தயாரிச்சு 1872ல காப்புரிமை வாங்கினது, இன்னமும் வேலை செய்யுது. நியாசினமைடு ஆசைப்பட்டா போடலாம். பருவுக்கு ட்ரெட்டினாயின் நல்ல மருந்து, ஆனா டாக்டர் சொல்லித்தான். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. க்ளூட்டதயோன் ஊசி? வெளுப்புக்காக அதைப் போடறது ஆபத்துன்னு பிலிப்பைன்ஸ் அரசு 2011லயே எச்சரிச்சாச்சு. பத்து நாள்ல வெளுப்புன்னு எவன் சொன்னாலும் கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

அக்கா பொண்ணுக்குச் சரியாக ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. மாப்பிள்ளை வீட்டுல பாக்க வந்தப்ப மூஞ்சி செவந்துதான் இருந்துச்சு, அந்த இடம் அமையல. அதுக்கு அவ அழுகல. டப்பாவைத் தூக்கிப் போட்ட அன்னைக்குத்தான் அழுதா. "நீங்களும்தானுங் மாமா நல்லாருக்குன்னு சொன்னீங்க"ன்னா. பதில் சொல்லத் தெரியல.

இப்ப யாரைப் பார்த்தாலும் 'கலராயிட்டே', 'கருத்துட்டே'ன்னு சொல்றதை விட்டுட்டேன். சாப்டியான்னு கேக்கறதோட சரி.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. இதுல ஏதாவது க்ரீமை ஏற்கெனவே மாசக்கணக்கா போட்டுட்டு இருந்தா, படிச்ச வேகத்துல நீங்களா படக்குன்னு நிறுத்தாதீங்க. டப்பாவோட தோல் டாக்டர்கிட்டப் போங்க.