பேப்பரும் போச்சு, மேனேஜரும் போனார்

மார்ச் மாதம் வந்தால் இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என்னைப் போன்ற ஆசாமிகளுக்கு ஒரு ஜுரம் வரும். ஏப்ரல் 5ஆம் தேதியோடு வரி வருடம் முடிகிறது. அதற்குள் ஐசா கணக்கில் பணத்தைப் போடாவிட்டால் அந்த வருடத்து வரிச்சலுகை போயே போச்சு. என் சேமிப்புக் கணக்கில் 8,000 பவுண்டு சும்மா தூங்கிக்கொண்டிருந்தது. பேங்க் ஆப்பைத் திறந்தால் 'முதலீடு செய்யுங்கள்' என்று ஒரு பட்டன் கண் சிமிட்டுகிறது. அமுக்கலாமா வேண்டாமா?

வழக்கம்போல அப்பாவுக்கு போன் போட்டேன்.

"பேங்க்தானே? அப்ப போடு. ஆனா வாங்கினதுக்கு பேப்பர் ஏதாவது குடுப்பானா?"

"பேப்பர்லாம் கிடையாதுப்பா. ஆன்லைன்ல தெரியும்."

"உன் பேர் எங்கடா எழுதியிருக்கும்?"

பொறியியல் படித்த பையன் 'பே' என்று முழித்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய் நாற்பது வருட வரலாற்றில் மாட்டிக்கொண்டேன். கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்ளுங்கள் மக்களே, 1980களுக்குப் போகிறோம்.

பேங்குக்கும் பங்குச்சந்தைக்கும் நடுவே ஒரு சுவர்

இந்த ஊரில் கடைத்தெருவுக்குக் கடைத்தெரு கிளை வைத்திருக்கும் பெரிய பேங்குகள் பார்க்லேஸ், லாயிட்ஸ், நாட்வெஸ்ட், மிட்லண்ட் (இதைத்தான் 1992ல் எச்எஸ்பிசி வாங்கியது). 1986 வரை இவர்களால் ஒரு பங்குத்தரகு நிறுவனத்தை முழுசாக வாங்க முடியாது. லண்டன் பங்குச்சந்தை ஒரு மூடிய கிளப். புரோக்கர் தனி, பங்குகளைக் கையிருப்பில் வைத்து விலை சொல்லும் ஜாபர் தனி. கமிஷனுக்கும் குறைந்தபட்ச ரேட் உண்டு, பேரமே கிடையாது. நீங்கள் கிளைக்குப் போய்ப் பங்கு வேண்டும் என்றால், அவர்கள் ஆர்டரை வாங்கி ஒரு புரோக்கருக்கு அனுப்புவார்கள். அவ்வளவுதான்.

1983ல் தாட்சர் அரசுக்கும் பங்குச்சந்தைக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. சந்தை மேலிருந்த வழக்கை அரசு கைவிடும், பதிலுக்குச் சந்தை இந்தக் கட்டுப்பாடுகளை விடும். அது முழுசாக அமலுக்கு வந்த நாள் 27 அக்டோபர் 1986. 'பிக் பேங்' என்பார்கள். பேங்குகள் பாய்ந்து வாங்கின. பார்க்லேஸ் ஒரு புரோக்கரையும் ஒரு ஜாபரையும் சேர்த்து பிஇசட்டபிள்யூ ஆக்கியது. நாட்வெஸ்ட்டும் மிட்லண்டும் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கின.

நம்ம தொழில்காரர்களுக்கு ஒரு தகவல். விலைகளைக் காட்ட அன்று ஆரம்பித்த ஸ்க்ரீன் சிஸ்டம் முதல் நாள் காலையிலேயே படுத்துவிட்டது. கோ-லைவ் அன்று சர்வர் விழுவது நம்ம காலத்து வியாதி என்று நினைத்தேன், இல்லவே இல்லை :-)

சிட்டைப் பார்த்தால் சொல்லுங்கள்

அதே வருடம் டிசம்பரில் பிரிட்டிஷ் கேஸ் தனியார்மயம். 'சிட்டைப் பார்த்தால் சொல்லிடுங்க' என்று டிவியில் விளம்பரம் பின்னி எடுத்தது. சிட் யார் என்று கடைசிவரை காட்டவே இல்லை. பங்கு விலை 135 பென்ஸ், முதல் தவணை வெறும் 50 பென்ஸ். 1984ல் பிரிட்டிஷ் டெலிகாம் விற்றபோதே இருபது லட்சம் பேருக்கு மேல் வாங்கியிருந்தார்கள். இப்போது அதையும் மிஞ்சிய கூட்டம். வாழ்க்கையில் பங்கு என்பதையே பார்த்திராத பஸ் டிரைவரும் டீச்சரும் பங்குதாரர் ஆனார்கள்.

எங்கள் டீமில் ரிட்டயர் ஆகப்போகும் ஒருவர் இருக்கிறார். இந்தக் கதையைக் கேட்டதும் அடுத்த நாள் பிளாஸ்டிக் உறையில் வைத்து அவர் அப்பாவின் பழைய பங்குச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார். அழகான பார்டர், நடுவில் பெயர். "இதை எங்க வீட்டில் பிறப்புச் சான்றிதழோட வெச்சிருந்தோம்" என்றார். எங்க அப்பா கேட்ட பேப்பர் இதுதான்!

டாரஸ் என்ற காளை

அந்தப் பேப்பரில் ஒரு சிக்கல். விற்க வேண்டுமென்றால் சான்றிதழையும் கையெழுத்துப் போட்ட மாற்றுப் படிவத்தையும் தபாலில் அனுப்ப வேண்டும். இரண்டு வார வியாபாரத்தை மொத்தமாகச் சேர்த்து, அதற்கப்புறம்தான் கணக்கு முடிப்பார்கள். லட்சக்கணக்கில் சிட்கள் வந்ததும் பேப்பர் மலைபோல் குவிந்தது.

இதைக் கம்ப்யூட்டரில் முடிக்கப் பங்குச்சந்தை ஆரம்பித்த புராஜெக்ட் டாரஸ். பங்குப் பதிவேடு நடத்துபவர்கள் தங்கள் பிழைப்பு போகக்கூடாது என்றார்கள், புரோக்கர்கள் வேறொன்று கேட்டார்கள், பேங்குகள் இன்னொன்று. எல்லோருக்கும் தலையாட்டி, அமெரிக்க ரெடிமேட் பேக்கேஜ் ஒன்றை வாங்கிக் கொத்துப் பரோட்டா போட்டார்கள். 1993 மார்ச்சில் மொத்தத்தையும் குப்பையில் போட்டார்கள். சந்தைக்கு மட்டும் சுமார் 75 மில்லியன் பவுண்டு நஷ்டம். தலைமை அதிகாரி ராஜினாமா. ரிக்வயர்மென்ட் மீட்டிங்கில் எல்லாவற்றுக்கும் 'எஸ்' சொல்லும் மேனேஜர்களுக்கு இதைப் பாடமாக வைக்க வேண்டும்.

பிறகு பேங்க் ஆஃப் இங்கிலாந்து கையில் எடுத்து, சின்னதாக, அளவோடு கட்டியது க்ரெஸ்ட். 1996ல் ஓட ஆரம்பித்தது, இன்றும் ஓடுகிறது. ஒருபக்கம் கணக்கு முடிக்கும் கெடுவும் சுருங்கிக்கொண்டே வந்தது. 1994ல் பத்து வேலைநாள், 1995ல் ஐந்து, 2001ல் மூன்று, 2014ல் இரண்டு. இந்த வேகத்தில் தபாலில் சான்றிதழ் அனுப்பினால் வேலைக்காகுமா? அதனால் புரோக்கர்கள் எல்லோரையும் 'நாமினி' கணக்குக்குத் தள்ளினார்கள். அதாவது பங்கு உங்களுடையதுதான். ஆனால் கம்பெனியின் பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயரல்ல, நாமினி நிறுவனத்தின் பெயர். அதில் எது யாருக்கு என்பது புரோக்கரின் டேட்டாபேஸில் மட்டும் இருக்கும்.

அப்பாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கேட்ட அப்பா சந்தோஷப்படும் பதில் இல்லை. கம்பெனிக்கு என்னைத் தெரியாது. ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டுப் போடுவதும் பிளாட்பார்ம்காரர் வசதி செய்து கொடுத்தால்தான். 2025 ஜூலையில் டக்ளஸ் ஃபிளின்ட் தலைமையிலான குழு, மிச்சமிருக்கும் காகிதச் சான்றிதழ்களையும் ஒழிக்கச் சொல்லி இறுதி அறிக்கை கொடுத்துவிட்டது.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர்

இது ஒரு பாதி. இன்னொரு பாதி, கிளையில் டை கட்டி உட்கார்ந்திருந்த ஆலோசகர். அவரிடம் போனால் காபி கொடுத்து ஏதாவது ஒரு திட்டத்தைத் தலையில் கட்டுவார். அவருக்கோ பேங்குக்கோ கமிஷன். லாயிட்ஸ் டிஎஸ்பி விற்ற அதிக வருமானப் பத்திரம் ஒன்று சந்தை விழுந்ததும் மக்களின் முதலைக் கடித்தது. 2003ல் 19 லட்சம் பவுண்டு அபராதம், கூடவே சுமார் 98 மில்லியன் நஷ்டஈடு. பாதுகாப்பான முதலீடு தேடி வந்தவர்களுக்கு ரிஸ்க்கைச் சரியாகச் சொல்லாமல் இரண்டு ஃபண்டுகளை விற்றதற்காக 2011 ஜனவரியில் பார்க்லேஸுக்கு 77 லட்சம் பவுண்டு அபராதம். அதே மாதம் பார்க்லேஸ் கிளைகளில் முதலீட்டு ஆலோசனையையே மூடுவதாக அறிவித்தது.

2012 டிசம்பர் 31 முதல் ஆலோசகர்கள் ஃபண்ட் கம்பெனியிடம் கமிஷன் வாங்கத் தடை. ஆலோசனைக்கு நேரடியாக ஃபீஸ் கேட்டால் 5,000 பவுண்டுக்காரன் கொடுப்பானா? மற்ற பேங்குகளும் சின்ன வாடிக்கையாளர்களைக் கழற்றிவிட்டன. அந்தக் காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்ததுதான் நான் பார்த்த பட்டன்.

பிளாட்பார்ம் என்பதை ஏதோ புது டெக்னாலஜி வரம் என்று நினைத்திருந்தேன். நம் பெயர் எழுதிய பேப்பர் போனபின், தப்பு சொன்னால் பொறுப்பேற்க வேண்டிய மனிதரும் போனபின் மிச்சமிருப்பது அது. ஆலோசனை இல்லாத கணக்கில் தப்பான ஃபண்டை நானே தேர்ந்தெடுத்தால் புகார் சொல்ல ஆளில்லை. நல்லது என்னவென்றால், தலையில் கட்டவும் ஆளில்லை.

சரி, என்ன செய்தேன்?

முதலில் கட்டணம். ஒரு இடத்தில் வருடம் 0.25 சதவீதம், இன்னொன்றில் ஒரு டீலுக்கு 6 பவுண்டு என்று வையுங்கள். என் 8,000க்கு முதலாவது 20 பவுண்டு. மாதாமாதம் வாங்கினால் இரண்டாவது 72. இதுவே 80,000 இருந்தால் முதலாவது 200, அப்போது கதை தலைகீழ். யாருக்கு எது என்பதைத் தொகைதான் சொல்லும், விளம்பரம் சொல்லாது.

அடுத்து 'பேங்க்னா சேஃப்' என்ற நம்பிக்கை. டெபாசிட்டுக்கு 1,20,000 பவுண்டு வரை இங்கே பாதுகாப்பு உண்டு. முதலீட்டுக்கு வேறு கணக்கு: நிறுவனம் முழுகி நம் சொத்து திரும்பாமல் போனால் 85,000 வரை. சந்தை விழுந்து போகும் பணத்துக்குப் பத்து பைசா கிடையாது, மேலே எந்த பேங்க் போர்டு தொங்கினாலும். 2018ல் பியூஃபோர்ட் செக்யூரிட்டீஸ் என்ற புரோக்கர் விழுந்தபோது, நாமினியில் இருந்த வாடிக்கையாளர் சொத்திலிருந்தே நிர்வாகச் செலவை எடுக்கலாம் என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. பெரும்பாலானவர்களை இந்தப் பாதுகாப்புத் திட்டம்தான் காப்பாற்றியது.

இதெல்லாம் தெரிந்தபின் என் பேங்கின் ஐசாவையே எடுத்தேன். என் தொகைக்குச் சதவீதக் கட்டணம்தான் மலிவு. பங்கு, ஃபண்ட் ஐசா என்றாலே பெயர் நாமினிக்கோ நிர்வாகிக்கோதான் போகும், எங்கே போனாலும் அதே கதை.

அப்பாவுக்கு மறுபடி போன் போட்டேன்.

"உன் பேர் இருக்கா இல்லியா?"

"பேங்க் லிஸ்ட்ல இருக்குப்பா. கம்பெனி லிஸ்ட்ல இல்ல."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப மாசாமாசம் ஸ்டேட்மென்ட்ட பிரிண்ட் எடுத்து ஃபைல்ல போட்டு வை."

ஆபீஸ் பிரிண்டரில் முதல் தாள் எடுத்தாயிற்று.

டிஸ்கி: நான் கோடு எழுதுறவன், முதலீட்டு ஆலோசகன் இல்லை. உங்க பணம், உங்க முடிவு.